ஒரே ஒரு ஆல்-ஸ்டாரை வைத்து டல்லாஸ் மேவரிக்ஸ் கோப்பையை எப்படி அடித்தது? 2010–11 சீசன், விரிவாக

கேள்வி இதுதான்: லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கிரிஸ் பாஷ் என்று மூன்று பெரிய தலைகளை வைத்திருந்த மயாமி ஹீட்டை 2011 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸில் டல்லாஸ் மேவரிக்ஸ் எப்படித் தோற்கடித்தது? லெப்ரான் சொதப்பியதால் தானாக வந்து விழுந்த கோப்பையா? இல்லையென்றால் அதே அணியால் மறுபடி ஏன் ஜெயிக்க முடியவில்லை?

லெப்ரான் சொதப்பினார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைச் சொதப்ப வைத்த ஏற்பாடு டல்லாஸுடையது. அந்த ஏற்பாடு ஃபைனல்ஸுக்காக ஒரு வாரத்தில் போட்டதும் அல்ல. 2010 ஜூலையில் நடந்த, அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு டிரேடிலிருந்து (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) தொடங்குகிறது. அணியின் ஒரே ஆல்-ஸ்டார் (லீக்கின் வருடாந்திர நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்) டிர்க் நொவிட்ஸ்கி. "அவர் தனி ஆளாக ஜெயித்துக் கொடுத்தார்" என்று சொல்பவர்களும் அந்த டிரேடை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் பின்னணி. 2006 ஃபைனல்ஸில் இதே மயாமிக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்றுவிட்டு, அடுத்த நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாகத் தோற்றது டல்லாஸ். அடுத்த ஆண்டு 67 வெற்றிகளோடு முதலிடம் பிடித்து, டிர்க்குக்கு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருதும் கிடைத்து, முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் வெளியேறியது. அதன் பிறகு 2010 வரை ஒவ்வொரு ஆண்டும் 50 வெற்றிகளைத் தொடுவது, பிளேஆஃப்பில் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் தொடர்கள்) ஒன்றிரண்டு சுற்றோடு மூட்டை கட்டுவது என்றே போனது. 2006 அணியிலிருந்து 2011 வரை தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர்: டிர்க், ஜேசன் டெரி.

இடைப்பட்ட காலத்தில் உரிமையாளர் மார்க் கியூபனும் பொது மேலாளர் டோனி நெல்சனும் அணியைத் துண்டு துண்டாக மாற்றினார்கள். 2008 பிப்ரவரியில் நியூ ஜெர்சியிடமிருந்து ஜேசன் கிட் வந்தார். அதே ஆண்டு கோடையில் ரிக் கார்லைல் தலைமைப் பயிற்சியாளரானார். 2009ல் ஷான் மேரியன். 2010 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து கேரன் பட்லர், பிரெண்டன் ஹேவுட், டிஷான் ஸ்டீவன்சன் மூவரும் ஒரே டிரேடில். எல்லாம் நல்ல பெயர்கள், ஆனால் பெரும்பாலோர் 30ஐத் தாண்டியவர்கள். அணியில் இல்லாத ஒரு பொருள் இருந்தது: ரிம்மை (கூடை வளையம்) காக்கும், வாய் ஓயாமல் கத்தி டிஃபென்ஸை நகர்த்தும் சென்டர் (கூடைக்கு அடியில் ஆடும் உயரமான ஆள்).

அதற்குத்தான் அந்த ஜூலை டிரேட். எரிக் டாம்பியர், எடுவார்டோ நஹேரா, மேட் கேரல் மூவரையும் சார்லட் பாப்கேட்ஸுக்குக் கொடுத்து, டைசன் சாண்ட்லரையும் அலெக்ஸி அஜின்சாவையும் டல்லாஸ் வாங்கியது. டாம்பியரின் மதிப்பு ஆட்டத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. சுமார் 1.3 கோடி டாலர் சம்பளம், ஆனால் உத்தரவாதம் இல்லாதது. வாங்கும் அணி அவரை உடனே வெட்டிவிட்டுச் சம்பளச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்கத் துடித்த சார்லட்டுக்கு அது போதும். சாண்ட்லரோ முந்தைய இரண்டு சீசன்களில் கால் காயங்களோடு மல்லாடியவர். அதனால்தான் அவ்வளவு மலிவாகக் கிடைத்தார். 7 அடிக்கு மேல் உயரம், வயது 27, சீசன் முழுக்கச் சுமையைத் தாங்குமா என்று எல்லோரும் யோசித்த கால்கள். அந்த சீசனில் ஆட்டத்துக்கு 10.1 புள்ளி, 9.4 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). எண்கள் அடக்கமானவை. அவர் செய்த உண்மையான வேலையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது டிர்க். ஒற்றைக்காலில் பின்னால் சாய்ந்து போடும் அவரது ஃபேட்அவே ஷாட்டைப் பார்த்தவர்கள் நிறைய. அது ஏன் தடுக்க முடியாதது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம், கூடைக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்குவார். இடது காலை ஊன்றித் திரும்பும்போதே வலது முழங்காலை மேலே தூக்குவார். அந்த முழங்கால் தடுப்பவரின் இடுப்புக்கும் தனக்கும் நடுவே ஒரு இடைவெளியை வைத்துவிடும். 7 அடி ஆள் பின்னால் சாய்ந்துகொண்டே தலைக்கு மேலிருந்து பந்தை விடும்போது, தடுப்பவர் எவ்வளவு எம்பினாலும் கை எட்டாது. நெருங்கி மோதினால் ஃபவுல், தடையில்லாமல் போடும் ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அந்த சீசனில் ஃப்ரீ த்ரோ லைனில் அவரது துல்லியம் 89.2 சதவீதம், பிளேஆஃப்பில் 94.1. விலகி நின்றால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே போடுவார், 39.3 சதவீதம். இந்த ஷாட்டைச் செதுக்கியவர் ஜெர்மன் தேசிய அணியின் முன்னாள் ஆட்டக்காரர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். பந்து என்ன கோணத்தில் கையை விட்டுப் போனால் பிழைக்கு அதிக இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பயிற்சி கொடுத்த ஆள்.

சரி, இரண்டு பேரை அனுப்பி அமுக்கினால்? மற்ற பிக் மேன்கள் (உயரமான ஆட்டக்காரர்கள்) பேஸ்லைன் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) அருகே பந்தை வாங்குவார்கள். அங்கே டபுள் டீம் வந்தால் பாதி மைதானம் கண்ணுக்கு மறைந்துவிடும். டிர்க் நிற்பது ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையிலும் நடுவிலும். அங்கிருந்து இரு கார்னர்களும் தெரியும், இரண்டாவது ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பதும் தெரியும். உயரத்தால் தலைக்கு மேலேயே பாஸ் போடலாம். ஆகவே டபுள் டீம் வந்த நொடியில் பந்து கிட்டுக்கோ டெரிக்கோ போய்விடும். டல்லாஸ் ஆஃபென்ஸ் முழுக்க இந்த ஒரு பயத்தின் மீது கட்டப்பட்டது. டெரியும் டிர்க்கும் போடும் பிக் அண்ட் பாப்பில் தடுப்பவரை உடலால் மறிக்கும் டிர்க்கின் ஸ்கிரீனை டெரி சுற்றி வருவார், டிர்க் கூடைப் பக்கம் ரோல் ஆகாமல் வெளியே நழுவுவார்; இருவரில் யாரை விட்டாலும் ஷாட். நான்காவது குவார்ட்டரில் டல்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப இதைத்தான் ஓட்டியது.

சீசன் தொடக்கம் அபாரம்: 24 வெற்றி, 5 தோல்வி. அந்த 24வது வெற்றி டிசம்பர் 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில் வந்தது. அதே ஆட்டத்தில் டிர்க்கின் வலது முழங்கால் சுளுக்கிக்கொண்டது. ஒன்பது ஆட்டங்கள் வெளியே. ஐந்து நாள் கழித்து, புத்தாண்டு தினத்தன்று மில்வாக்கியில், ஆட்டத்துக்கு 15 புள்ளி போட்டுக்கொண்டிருந்த பட்லரின் முழங்கால் தசைநார் அறுந்தது. அவருக்கு அதோடு சீசன் முடிந்தது. டிர்க் இல்லாத ஒன்பது ஆட்டங்களில் டல்லாஸ் 2–7. அவர் ஆடிய 73 ஆட்டங்களில் 55–18. "ஒரு ஆள் அணி" என்று விமர்சித்தவர்களுக்கு இந்த எண்களே கைகொடுத்தன, நியாயமும்தான். பட்லரின் இடத்தை ஒரே ஆளை வைத்து நிரப்பவில்லை என்பதைத்தான் அவர்கள் கவனிக்கவில்லை. ஸ்டீவன்சன் தொடக்க ஐவரில் தடுப்பு வேலைக்கு. மேரியன் பெரிய ஃபார்வர்ட்களைப் பிடிக்க. ஜனவரியில் சேர்க்கப்பட்ட பெய்யா ஸ்டோயகோவிச் வெளியிலிருந்து சுட. ஒவ்வொருவரும் பாதி ஆட்டக்காரர்தான். எதிரணியைப் பார்த்து எந்தப் பாதியை இறக்குவது என்பதைக் கார்லைல் தீர்மானித்தார்.

அடுத்தது டிஃபென்ஸ். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டல்லாஸின் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகப் பார்த்தால் டிஃபென்ஸ் மோசமாக இருந்திருக்க வேண்டும். கிட்டுக்கு 38 வயது. டெரி ஒல்லி. கார்ட் ஜே.ஜே. பரேயா காகிதத்தில்தான் 6 அடி. டிர்க்குக்குப் பக்கவாட்டு ஓட்டம் வராது. இவர்களை ஆளுக்கு ஆள் காவல் போட்டால் வேகமான கார்ட்கள் (பந்தை நகர்த்தும் சிறிய ஆட்டக்காரர்கள்) கிழித்துவிடுவார்கள். உதவிப் பயிற்சியாளர் டுவேன் கேசி இதற்குக் கொடுத்த மருந்து ஜோன்: முன்னால் இரண்டு, பின்னால் மூன்று பேர் நின்று ஆளை விட்டு இடத்தைக் காப்பது. என்பிஏவில் ஜோன் 2001–02 முதல் அனுமதிக்கப்பட்டாலும் பெரும்பாலான அணிகள் அதை இரண்டொரு பொசஷன் (எதிரணி பந்தோடு வரும் ஒரு முறை) மட்டுமே போடும். டல்லாஸ் அதை அன்றாடச் சாப்பாடாக்கியது. டைம்அவுட் முடிந்ததும் ஜோன், இரண்டு முறை கழித்து ஆளுக்கு ஆள், மறுபடி ஜோன். எதிரணி பாயிண்ட் கார்ட் எந்த பிளேயைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே நான்கைந்து நொடி போய்விடும். ஷாட் போட 24 நொடிதான் என்ற கடிகாரத்தில் அது பெரிய திருட்டு.

ஜோனில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, யார் யாரை பாக்ஸ் அவுட் (உடலால் மறித்து ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பது) செய்வது என்று தெளிவாக இருக்காது, ஆகவே எதிரணிக்கு ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் போகும். இரண்டு, கார்னர் திறந்துகிடக்கும். முதல் ஓட்டையைச் சாண்ட்லர் அடைத்தார். கையில் பிடிக்க முடியாத ரீபவுண்டுகளைக்கூட விரல்நுனியால் பின்னால் இருக்கும் கார்டுக்குத் தட்டிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. அதே வித்தையை ஆஃபென்ஸிலும் காட்டுவார். அவர் உட்காரும் நேரத்தில் இன்னொரு 7 அடி ஆள் ஹேவுட் வருவார். ஆகவே 48 நிமிடமும் ரிம்முக்குக் காவல் இருந்தது. இரண்டாவது ஓட்டைக்கு முழு மருந்து இல்லை. நல்ல ஷூட்டர்கள் உள்ள அணி வந்தால் ஜோனை மூட்டை கட்டிவிடுவார்கள். மயாமியிடம் அப்படிச் செய்யத் தேவையே வரவில்லை என்பது பின்னால் தெரியும்.

57–25 என்று முடித்து மேற்கில் மூன்றாம் இடம். முதல் சுற்றில் போர்ட்லாண்டிடமே கவிழும் என்று கணித்தவர்கள் பலர். நான்காவது ஆட்டம் முடிந்தபோது அவர்கள் சொன்னது சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. மூன்றாவது குவார்ட்டரில் டல்லாஸுக்கு 23 புள்ளி முன்னிலை. முழங்கால் தேய்ந்துபோய் பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த போர்ட்லாண்டின் பிராண்டன் ராய் கடைசி குவார்ட்டரில் மட்டும் 18 புள்ளி போட்டு, 84–82 என்று ஆட்டத்தைப் பறித்தார். தொடர் 2–2. பழைய டல்லாஸ் என்றால் அத்தோடு சரி. ஐந்தாவது ஆட்டத்தில் சாண்ட்லர் 20 ரீபவுண்ட் எடுத்தார்; அதில் 13 ஆஃபென்ஸிவ். ஒரு ஷாட் தவறினால் மறுபடி ஒன்று, அதுவும் தவறினால் இன்னொன்று. டல்லாஸ் 93–82, அடுத்ததில் 103–96, தொடர் 4–2.

இரண்டாம் சுற்றில் நடப்புச் சாம்பியன் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை 4–0 என்று துடைத்தார்கள். முதல் ஆட்டத்தில் 16 புள்ளி பின்தங்கியிருந்து 96–94. அதன் பிறகு லேக்கர்ஸுக்கு மூச்சு திரும்பவில்லை. பால் கசோல், ஆண்ட்ரூ பைனம் என்ற இரு உயரக்காரர்களும் பிக் அண்ட் ரோலில் வெளியே வந்து டிர்க்கையும் பரேயாவையும் விரட்ட வேண்டியிருந்தது. அது அவர்களுக்கு வராத வேலை. மே 8 அன்று நான்காவது ஆட்டம் 122–86. டல்லாஸ் 20 மூன்று புள்ளி ஷாட்கள் போட்டது. டெரி 10ல் 9, ஸ்டோயகோவிச் 6க்கு 6. டல்லாஸ் பெஞ்ச் மட்டும் எடுத்தது 86 புள்ளி, அதாவது லேக்கர்ஸ் அணி முழுவதும் எடுத்ததற்குச் சமம். பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனின் கடைசி ஆட்டம் அது. பாவம், வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

ஓக்லஹோமா சிட்டியோடு நடந்த மேற்கு இறுதியில் டிர்க்கின் முதல் ஆட்டம் தனியாகச் சொல்ல வேண்டியது: 48 புள்ளி, 15 ஷாட்டில் 12, ஃப்ரீ த்ரோ 24க்கு 24. ஆனால் தொடரைத் தீர்மானித்தது நான்காவது ஆட்டம். ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும்போது 99–84 என்று 15 புள்ளி பின்னால், எதிரணியின் சொந்த மைதானம். அங்கிருந்து 17–2 என்று ஓடி 101–101 சமன் செய்து, ஓவர்டைமில் 112–105. கடைசி நிமிடத்தில் முக்கியமான மூன்று புள்ளியைப் போட்டவர் 38 வயது கிட். ஓக்லஹோமா சிட்டியின் டுராண்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரும் அப்போது 22, 21 வயதுப் பையன்கள். முன்னிலையைக் காக்க வேண்டிய நேரத்தில் கடிகாரத்தை ஓட்டிவிட்டு, கடைசி நொடிகளில் தூரத்திலிருந்து அவசர ஷாட் போட்டார்கள். தொடர் 4–1.

இனி மயாமி. ஃபைனல்ஸ் அப்போது 2–3–2 முறை: முதல் இரண்டும் கடைசி இரண்டும் மயாமியில், நடுவில் மூன்று டல்லாஸில். முதல் ஆட்டத்தில் மயாமி 92–84. டிர்க்கின் இடது கை நடுவிரல் தசைநார் அறுந்தது. சுடும் கை வலது என்பதால் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் 7 நிமிடம் 14 நொடி மீதி இருக்கும்போது டல்லாஸ் பெஞ்சுக்கு எதிரிலேயே நின்று வேட் ஒரு மூன்று புள்ளி போட்டார்: 88–73. அந்த ஷாட்டுக்குப் பிறகு வேடும் லெப்ரானும் காட்டிய கொண்டாட்டம் டல்லாஸ்காரர்களைச் சீண்டிவிட்டது என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். கோபத்தால் 15 புள்ளி வராது. நடந்தது இது: மயாமி பந்தை மேலே வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் கரைக்க ஆரம்பித்தது. நான்கு பேர் சும்மா நிற்க, ஒருவர் டிரிபிள் செய்து கடைசியில் ஜம்ப் ஷாட். சாண்ட்லருக்கு ஓட வேண்டிய வேலையே இல்லை. ரிம்முக்கு முன்னால் நின்றால் போதும். தவறிய ஒவ்வொரு நீள ஷாட்டும் டல்லாஸுக்கு ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி திரும்பும் முன் ஓடிப் போடுவது) ஆனது. டெரி இரண்டு மூன்று முறை எளிதாகப் போட்டார். மயாமி அந்த ஏழு நிமிடத்தில் எடுத்தது 5 புள்ளி, டல்லாஸ் 22. டல்லாஸின் கடைசி 9 புள்ளியும் டிர்க்குடையது. 93–93 என்று இருக்கும்போது பாஷைத் தாண்டி உள்ளே போய், காயம்பட்ட அதே இடது கையால் லேஅப் போட்டார். 3.6 நொடி மீதி. 95–93.

மூன்றாவது ஆட்டத்தில் மயாமி 88–86 என்று மீண்டும் முன்னால் போனது. இரண்டாவது ஆட்டத்தில் இடுப்பில் அடிபட்ட ஹேவுட்டும் இப்போது இல்லை. இங்கேதான் கார்லைல் தொடரைத் திருப்பிய முடிவை எடுத்தார்: ஸ்டீவன்சனை பெஞ்சுக்கு அனுப்பி, பரேயாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார்.

மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். பரேயா முதல் மூன்று ஆட்டங்களில் 23 ஷாட்டில் 5தான் போட்டிருந்தார். போதாததற்கு, வேடுக்கும் லெப்ரானுக்கும் எதிராக அணியின் மிகச் சிறிய ஆளை முதல் நிமிடத்திலிருந்தே வைப்பதா? கணக்கு வேறு மாதிரி இருந்தது. மயாமியின் தொடக்க பாயிண்ட் கார்ட் மைக் பிபி. வயது 33, கால் வேகம் போய்விட்டது. பெஞ்சிலிருந்து வந்தபோது பரேயா மோதியது வேகமான மாரியோ சாமர்ஸோடு. தொடக்கத்தில் இறக்கினால் பிபி கிடைப்பார், கூடவே ஸ்கிரீன் போட டிர்க்கும் சாண்ட்லரும். பரேயா தவறவிட்டவை எல்லாம் கூடைக்கு அருகில், நல்ல இடத்திலிருந்து எடுத்த ஷாட்கள்தான். இடத்துக்குப் போக முடிகிறது என்றால் பந்து விழுவது நேரப் பிரச்சினை. அணியின் புள்ளியியல் நிபுணர் ரோலண்ட் பீச்சின் லைன்அப் கணக்குகள் இதைத்தான் பரிந்துரைத்தன. கோப்பைக்குப் பின் அவருடைய பங்கைக் கார்லைலே வெளிப்படையாகச் சொன்னார். இன்னொரு பலனும் உண்டு: ஸ்டீவன்சன் பெஞ்சுக்குப் போனதால், தடுப்பில் பலவீனமான டெரியோடு சேர்ந்து வர ஒரு முரட்டுத் தடுப்பாளர் கிடைத்தார். தொடக்கத்தில் இருந்த ஓட்டையும் பெஞ்சில் இருந்த ஓட்டையும் ஒரே மாற்றத்தில் அடைபட்டன.

நான்காவது ஆட்டத்தில் டிர்க்குக்கு 101 டிகிரி காய்ச்சல். இருமிக்கொண்டே 21 புள்ளி, 11 ரீபவுண்ட். கடைசி குவார்ட்டரில் 74–65 என்று பின்தங்கியிருந்து 21–9 என்று முடித்து 86–83. பரேயா 8 புள்ளிதான். ஐந்தாவது ஆட்டத்தில் அவருக்கு 17, ஆறாவதில் 15. ஆறாவதில் பிபியை மயாமி இறக்கவே இல்லை, சாமர்ஸைத் தொடக்கத்தில் வைத்தது. அதாவது அந்த மாற்றத்துக்கு எதிர்வினை கண்டுபிடிக்கப் பயிற்சியாளர் ஸ்போல்ஸ்ட்ராவுக்கு இரண்டு ஆட்டங்கள் பிடித்தன. அந்த இரண்டையும் டல்லாஸ் வென்றுவிட்டது.

லெப்ரான் விஷயத்துக்கு வருவோம். அந்த நான்காவது ஆட்டத்தில் 46 நிமிடம் ஆடி 8 புள்ளி, 11 ஷாட்டில் 3. தொடரில் சராசரி 17.8. முன்னால் நின்று பிடித்தவர்கள் மேரியன், ஸ்டீவன்சன், அவ்வப்போது கிட். மூவருமே அவரைவிட மெதுவானவர்கள். ஆனால் அவர்கள் வேலை அவரை நிறுத்துவது அல்ல. எந்தப் பக்கம் போகிறார் என்பதை மட்டும் தீர்மானிப்பது. போகிற பக்கத்தில் சாண்ட்லர் காத்திருப்பார். சட்டப்படி எதிராளி யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது டிஃபென்டர் பெயிண்டில் (கூடைக்கு முன்னாலுள்ள பகுதி) மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. மயாமியின் சென்டர் ஜோயல் ஆந்தனி வெளியிலிருந்து சுடாதவர். கூடைக்குப் பக்கத்திலேயே நிற்பார். அவரைக் காவல் காக்கிறேன் என்ற பேரில் சாண்ட்லர் ரிம்முக்கு அடியிலேயே குடியிருக்கலாம், மூன்று நொடி விதி தொடாது. லெப்ரானுக்கு உள்ளே வழி இல்லை. வெளியிலிருந்து? அந்த சீசனில் அவரது மூன்று புள்ளித் துல்லியம் 33.0 சதவீதம், வேடுக்கு 30.6. ஜோனின் திறந்த கார்னர்களைத் தண்டிக்க வேண்டியவர்களிடமே பந்து அதிக நேரம் இருந்தது, அவர்களுக்கு அந்த ஷாட் இல்லை.

அவருக்கு ஒரு வழி இருந்தது: மேரியனையோ கிட்டையோ போஸ்டுக்கு (கூடைக்கு அருகே) இழுத்து, முதுகால் தள்ளி ஆடுவது. அதை அவர் செய்யவில்லை. பந்தைப் பாஸ் செய்துவிட்டு வெளியே நின்றார். இது தயக்கமா, அந்தத் திறமை அப்போது கையில் இல்லாததா என்று கேட்டால் பிந்தையதுதான் என்பேன். அந்தக் கோடையிலேயே ஹூஸ்டனுக்குப் போய் ஹக்கீம் ஓலாஜுவானிடம் போஸ்ட் ஆட்டம் கற்றார். அடுத்த ஆண்டு கோப்பை அவருக்கு. ஆகவே "லெப்ரான் பயந்துவிட்டார்" என்பது பாதி விடைகூட இல்லை. அவரிடம் இல்லாத ஒரே ஆயுதத்தைக் கேட்கும் டிஃபென்ஸை டல்லாஸ் போட்டது.

ஐந்தாவது ஆட்டம் 112–103. 19 மூன்று புள்ளி முயற்சியில் 13 உள்ளே. ஜூன் 12, மயாமியில் ஆறாவது ஆட்டம். முதல் பாதியில் டிர்க் 12 ஷாட்டில் ஒன்றே ஒன்று போட்டார். "ஒரு ஆள் அணி" என்றால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். டல்லாஸ் 53–51 என்று முன்னால் இருந்தது. டெரி அந்தப் பாதியில் மட்டும் 19. ஸ்டீவன்சன் வெளியிலிருந்து மூன்று. ஹேவுட்டுக்குப் பதில் நிமிடங்களைத் தின்ன வந்த பிரையன் கார்டினல் தடுப்பில் விழுந்து விழுந்து நேரத்தைக் கடத்தினார். மூன்றாவது குவார்ட்டர் மணி அடிக்கும்போது இயன் மஹின்மி, ஆம், மஹின்மி, ஒரு ஜம்ப் ஷாட் போட்டு 81–72 ஆக்கினார். இரண்டாம் பாதியில் டிர்க் 18 எடுத்து மொத்தம் 21, டெரி 27. இறுதி 105–95. மணி அடித்ததும் டிர்க் ஸ்கோர் மேசையைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் லாக்கர் ரூமுக்குள் போய்விட்டார். கோப்பை வாங்க அவரைக் கூப்பிட்டு வர வேண்டியிருந்தது. ஃபைனல்ஸ் எம்விபி அவரே: சராசரி 26.0 புள்ளி, 46 ஃப்ரீ த்ரோவில் 45.

சீசன் தொடங்கும் முன்பே கோப்பையின் உருவத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர் டெரி. தோற்றிருந்தால் அதை அழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு வேலை வரவில்லை.

அதிர்ஷ்டம் இல்லையா? உண்டு. பட்லரைத் தவிர முக்கியமான யாரும் நீண்ட நாள் படுக்கவில்லை. சாண்ட்லரின் கால்கள் ஜூன் வரை தாங்கின. மயாமியின் மூவரும் சேர்ந்து ஆட ஆரம்பித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. சுற்றிலும் ஷூட்டர்களை வைக்க வேண்டும் என்பதை அந்த அணி அப்புறம்தான் கற்றது. 2013 மயாமிக்கு எதிராக இதே ஜோன் நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வியின் கடைசிப் பகுதி: ஏன் மறுபடி முடியவில்லை? 2011 ஜூலை 1 அன்று லாக்அவுட் (ஒப்பந்தத் தகராறில் உரிமையாளர்கள் லீக்கை மூடுவது). டிசம்பரில் வந்த புதிய தொழில் ஒப்பந்தம் சம்பள வரம்பைத் தாண்டும் அணிகளுக்கு வரியைக் கடுமையாக்கியது. கியூபன் கணக்குப் போட்டார்: வயதான அணிக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட, இடத்தைக் காலியாக வைத்து 2012 கோடையில் டெரான் வில்லியம்ஸ் போன்ற பெரிய ஆளைப் பிடிக்கலாம். ஆகவே சாண்ட்லர் நியூ யார்க் நிக்ஸுக்குப் போனார்; பரேயா மினசோட்டாவுக்கு; ஸ்டீவன்சன், பட்லர் ஆளுக்கு ஒரு திசை. டெரி, கிட் இருவரும் 2012ல் கிளம்பினார்கள். வில்லியம்ஸ் புரூக்ளின் நெட்ஸிலேயே தங்கிவிட்டார்.

கியூபனின் தர்க்கம் காகிதத்தில் தவறு இல்லை. கிட், மேரியன், டெரி மூவரையும் வைத்து இன்னொரு முறை 16 வெற்றி எடுப்பது கடினமே. ஆனால் சாண்ட்லருக்கு வயது 29தான். நியூ யார்க் போன முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த டிஃபென்ஸிவ் வீரர் விருது வாங்கினார். மற்ற யாரை விட்டிருந்தாலும் மாற்று தேடியிருக்கலாம். ஜோனின் ஆணிவேரைப் பிடுங்கிவிட்டால் கிட்டையும் டிர்க்கையும் மறைக்க இடமில்லை. லாக்அவுட்டால் 66 ஆட்டமாகச் சுருங்கிய 2011–12ல் டல்லாஸ் 36–30, ஏழாம் இடம், முதல் சுற்றில் ஓக்லஹோமா சிட்டியிடம் 0–4. அதற்கடுத்த ஆண்டு 41–41, பிளேஆஃப்புக்கே போகவில்லை. 2011க்குப் பிறகு டல்லாஸ் ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது 2022ல்தான், டிர்க் ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து.